அமாவாசைக்கு ஆப்சென்ட்

ராமநாதபுரம் கடற்கரையில் ஆசிரியர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற பெயர் சிவசுப்பிரமணிய ஐயர். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன்களுக்குக் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். புரியவில்லை என்று பையன்கள் சொன்னதும், அன்று சாயங்காலமே அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், பறக்கிற பறவைகளைக் காட்டி அதே பாடத்தை மறுபடி நடத்தினார். அந்தப் பையன்களில் ஒருவர்தான் அப்துல் கலாம். குடியரசுத் தலைவரான பிறகும் போகிற இடமெல்லாம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. ஆனால் கேட்கும்போதெல்லாம் அன்றைக்குக் கரையில் நின்ற மற்ற பையன்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர்களும் அதே பறவையைத்தான் பார்த்தார்கள். அவர்களில் யாராவது வலை இழுக்கப் போயிருக்கலாம், யாராவது கோயில் தெருவில் கடை வைத்திருக்கலாம். அந்தப் பாடம் அவர்கள் வாழ்க்கையில் என்ன செய்தது என்று யாரும் போய்க் கேட்டதில்லை. ஊரைவிட்டுப் போய்ப் பெரிய ஆளானவர் சொன்னால்தான் ஒரு வாத்தியாரின் பெயர் வெளியே தெரிகிறது. ஊரிலேயே இருந்துவிட்டவர்களின் வாத்தியாரைப் பற்றி எழுத ஆளில்லை. அதனால்தான் எங்கள் டீச்சரைப் பற்றி நான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை, அவருக்குப் பிடிக்காது.

எங்கள் ஊர் திருப்புல்லாணிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. ஆண்கள் நாட்டுப்படகில் மீனுக்குப் போவார்கள். பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். பாசி என்றால் குளத்துப் பாசி இல்லை, கடலுக்குள் பாரில், அதாவது பாறைத் திட்டில், முளைத்துக் கிடக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும் என்று ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றிக்கொள்வார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி முங்கி, கைக்கு அகப்பட்டதைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு நாளில் எத்தனை முங்கு என்று யாரும் எண்ணுவதில்லை. கரைக்கு வந்ததும் மணலில் பரப்பிக் காய வைத்து வியாபாரிக்குப் போடுவார்கள். என் அம்மா போட்டார். நானும் லீவு நாளில் கூடப் போயிருக்கிறேன். சில சமயம் லீவு இல்லாத நாளிலும்.

டீச்சர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்தவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு மாறுதலாகி வந்தார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் அவர்தான். முதல் வருஷம் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனார். அந்த பஸ்ஸை நம்பினால் முதல் பீரியடும் போய்விடும், கடைசி பீரியடும் போய்விடும். அடுத்த வருஷம் ஊருக்குள்ளேயே ஒரு வீடு பார்த்து வந்துவிட்டார். குழாயில் உப்புத் தண்ணீர்தான். குடிக்க மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். எங்கே தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது எங்கள் வகுப்புப் பிள்ளைகள்.

வந்த புதிதில் அவருக்குப் பெரிய குறையாக இருந்தது பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது. திடீரென்று நாலைந்து நாள் பாதி வகுப்பு காலியாக இருக்கும். அப்புறம் எல்லோரும் ஒன்றாக வந்து உட்காருவோம். முன்பிருந்தவர்கள் இதற்கு அடித்திருக்கிறார்கள், முட்டி போட வைத்திருக்கிறார்கள், அப்பாவைக் கூட்டிவரச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். டீச்சர் ஒருநாள் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் தினசரி காலண்டரையும் வைத்து, ஆப்சென்ட் போட்ட நாட்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். வட்டங்கள் எல்லாம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே விழுந்தன. அதை எங்களிடம் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பிள்ளைகளா" என்று கேட்டார்.

எங்களுக்கு அது கேள்வியாகவே தெரியவில்லை. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் நன்றாக வத்தும். வத்தினால் பாரில் ஆழம் குறையும், முங்குகிறவர்களுக்குச் சுலபம், பாசி நிறைய வரும். பெரியவர்கள் போகிற படகில் பிள்ளைகளும் ஏறிக்கொள்வோம், இல்லையென்றால் வீட்டில் இருந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வோம். இதை யாரோ எழுந்து சொன்னோம். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் பதிவேட்டைப் பின்னால் புரட்டினார். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வட்டங்கள் குறைவு, அக்டோபரிலிருந்து நிறைய. அதற்கும் பதில் எங்களிடம் இருந்தது. ஆனி, ஆடியில் சோழகக் காற்று அடிக்கும், தென்கடல், அதாவது எங்கள் மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், பாருக்கு யாரும் போக முடியாது. ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல் பொங்கும், எங்கள் பக்கம் அடங்கிவிடும். பாடப்புத்தகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்கு உறைத்தது அந்த நிமிஷத்தில்தான். அதுவரை அவை மார்க்குக்காகப் படிக்கிற வேறு ஏதோ ஊரின் காற்றுகள்.

அன்றிலிருந்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அவர் பரீட்சை வைக்கவில்லை, புதிய பாடமும் தொடங்கவில்லை. வராதவர்களுக்குப் பாசி நாள் முடிந்ததும் சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் வைத்து நடத்தினார். வீடு வீடாகப் போய் அம்மாக்களிடமும் பேசினார். என் அம்மா அவரிடம் ஒளிக்கவில்லை. "பிள்ளைய அனுப்பிட்டு நான் மட்டும் போனா அரைப்பை கூட வராது டீச்சரம்மா" என்றார். "சரிக்கா, முதல் ரெண்டு நாள் உங்களுக்கு, மிச்ச நாள் எனக்குத் தாங்க" என்று டீச்சர் பேரம் பேசினார். அம்மா ஒத்துக்கொண்டார். விதியைக் காட்டி மிரட்டியிருந்தால் அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த அமாவாசைக்கு என்னைக் கூட்டிப் போயிருப்பார்.

அடுத்து வந்தது கம்பு. ஒரு நீளமான சவுக்குக் கம்பில் அரை அடிக்கு ஒரு கோடு வீதம் பெயின்ட் அடித்து, படகு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடலில் நட்டார். பள்ளிக்கூடம் வருமுன் ஒரு தடவை, விட்டதும் ஒரு தடவை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று முறை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வத்தலுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் கவனமாகப் பார்க்க வேண்டும். காற்று அலையை ஏற்றிவிட்டால் எந்தக் கோடு என்று சண்டை வரும். கிடைத்ததை வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தபோது, முதலில் கோணல்மாணலாக இருந்தது. நாள் போகப் போக அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது.

வத்தல் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகிறது. அப்படியானால் 15 நாளில் எத்தனை நிமிஷம்? 750. அதாவது பன்னிரண்டரை மணி. ஒரு வத்தலுக்கும் அடுத்த வத்தலுக்கும் இடையில் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். அதனால் இன்று காலையில் எந்த மணிக்கு வத்துகிறதோ, அமாவாசை போய்ப் பௌர்ணமி வரும்போது மறுபடி அதே மணிக்கு வத்தும். பெருக்கலும் வகுத்தலும் செய்து இதை நாங்களே கண்டுபிடித்த அன்று வகுப்பில் ஒரே சத்தம். வீட்டுக்கு ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் படகில் வலை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பஞ்சமி, அப்ப வத்தல் இந்நேரம்னு நான் வாயாலயே சொல்வேன், இதுக்கு எதுக்குத்தா நோட்டு" என்றார். அதையும் டீச்சரிடம் சொன்னேன். மறுநாளே அவர் மாமாவைத் தேடி வந்து, பஞ்சமிக்கு இப்படி என்றால் அஷ்டமிக்கு எப்படி, ஏகாதசிக்கு எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கம்பு சொன்னதும் மாமா சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப் போயின. ஒத்துப் போகாத இடத்தில், "காத்தைக் கணக்குல எடுத்தியளா" என்று மாமா கேட்டார். நாங்கள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு காற்றுக்கு ஒரு கட்டம் போட்டோம்.

இதுவரை சொன்னதற்காகவே அவரை நல்லாசிரியர் என்று சொல்லலாம். எங்கள் வீடுகளை மாற்றியது சதவீதப் பாடம்.

அந்தக் காலத்தில் பாசி வியாபாரம் முன்பணத்தில் நடந்தது. பொங்கலுக்கோ, கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வியாபாரியிடம் பணம் வாங்குவார்கள். வாங்கியதால் பாசியை அவருக்குத்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். நிறுத்த எடையில் மண்ணுக்கும் ஈரத்துக்கும் கழிவு என்று ஒரு பங்கைக் கழிப்பார். மிச்சத்துக்குப் பணம், அதிலும் கடனுக்கு ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார். எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். பெண்களிடம் நோட்டு கிடையாது. "எவ்வளவுண்ணே பாக்கி" என்று கேட்டால் அவர் ஒரு தொகை சொல்வார், அதுதான் பாக்கி.

டீச்சர் ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்தியபோது புத்தகத்துக் கணக்கை மூடி வைத்துவிட்டு, "நேத்து உங்க வீட்டுல எத்தனை கிலோ போட்டாங்க, எவ்வளவு கழிச்சாங்க" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்திக்குத் தெரிந்தது, பத்துப் பேருக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தார். தேதி, நிறுத்த எடை, கழிவு, விலை, வந்த பணம், கடனுக்குப் பிடித்தது என்று கோடு போட்டுக் கொடுத்து, அம்மா பாசி போடுகிறபோது கூட நின்று எழுதி வரச் சொன்னார்.

25 கிலோவுக்கு 5 கிலோ கழிவு என்றால் நூற்றுக்கு 20. 18 கிலோவுக்கு 4 கிலோ என்றால் நூற்றுக்கு 22-க்கு மேல். அதே மணலில், அதே வெயிலில் காய்ந்த பாசி. ஏன் ஒருவருக்கு ஒரு சதவீதம், இன்னொருவருக்கு வேறு? இதை டீச்சர் வியாபாரியிடம் போய்க் கேட்கவில்லை. எங்களை அம்மாக்களிடம் சொல்லச் சொன்னார், அம்மாக்கள் கேட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோது வியாபாரிக்குக் கோபம் வந்தது. "பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தச் சொன்னா ஊரைக் கிளப்பி விடுதா அந்த டீச்சர்" என்று கத்தினார். அன்று ராத்திரி டீச்சர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டவர்களும் உண்டு. அந்த ராத்திரி என் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் போய் அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்கள். நானும் கூடப் போனேன். டீச்சர் உள்ளே இருந்து பாய் எடுத்து வந்து எங்களோடு வெளியிலேயே படுத்தார்.

வியாபாரி அதற்காக ஓடிப் போய்விடவில்லை, பாசி விலை இரட்டிப்பாகவும் இல்லை. ஆனால் கழிவு குறைந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆனது. எங்கள் சித்திக்கு அவர் சொன்ன பாக்கியும் நோட்டில் இருந்த பாக்கியும் ஒத்துவராமல் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கடன் முந்தைய பொங்கலுக்கே அடைந்திருந்தது. என் சித்தி அழுது நான் பார்த்தது சித்தப்பா போனபோதும் அன்றைக்கும்தான்.

எட்டாம் வகுப்புக்கு மேல் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, பஸ் ஏறிப் போக வேண்டும். என்னையும் இன்னும் சிலரையும் சேர்க்க டீச்சரே கூட வந்தார். என் கூட்டாளி ஒருத்தியை மட்டும் அவள் அப்பா அனுப்பவில்லை. டீச்சர் எவ்வளவோ பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. சீக்கிரமே கல்யாணமும் ஆகிவிட்டது. அதற்காக டீச்சர் மனசொடிந்து போனது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டாளிதான் பிறகு மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர் ஆனாள். குழுவின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் எழுதுகிறாள். பேங்க்கில் போய் நின்று, பாஸ்புத்தகத்தில் ஒரு பதிவு தப்பாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டித் திருத்த வைக்கிறாள். எட்டாம் வகுப்பு படித்தவள். இதை எந்தப் பட்டியலிலும் யாரும் எழுத மாட்டார்கள்.

செப்டம்பர் 5-ஆம் தேதி நல்லாசிரியர் விருது வாங்கியவர்களின் படம் பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். டீச்சருக்கு அது வரவில்லை. நடுநிலைப்பள்ளியில் பொதுத்தேர்வு கிடையாது, அதனால் தேர்ச்சி விகிதம் என்று காட்ட ஒன்றும் கிடையாது. அவரிடம் படித்து கலெக்டர் ஆனவர் யாரும் இல்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தை அளக்க இதைவிட நல்ல அளவு எது என்று எனக்குத் தெரியவில்லை.

பாசி எடுக்கும் பெண்களுக்குப் பின்னாளில் வேறு தொல்லைகளும் வந்தன. தூத்துக்குடியிலிருந்து மண்டபம் பக்கம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தார்கள். கெடுபிடி அதிகமாக ஆக, தீவுப் பக்கம் போகிற பெண்களைத் தடுத்தார்கள். பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பிய்ப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். அந்தச் செய்தியைப் படித்ததும் நான் டீச்சருக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவர் அதற்குள் படித்துவிட்டு, கத்தரித்தும் வைத்திருந்தார்.

நான் இப்போது ராமநாதபுரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். சிறுநீர், சீழ் கல்ச்சர் பார்ப்பதற்கு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு, அகர் என்ற ஜெல்லியைத் தட்டில் ஊற்றி பிளேட் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பாத்திரத்தில் 121 டிகிரியில் 15 நிமிஷம் வைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் தட்டுகளில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். தட்டில் உறைந்தபின் கண்ணாடி மாதிரி இருக்கும். இதற்கு ஆதாரமான அகர் பாசியிலிருந்து வருகிறது. அம்மா முங்கி எடுத்த மரிக்கொழுந்துப் பாசியும் அகருக்குத்தான் போகிறது. கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது வைக்கிற கடல்பாசியும் இதே சாமான்தான்.

கிருமி வளர்க்க அகரைப் பயன்படுத்தலாம் என்று முதலில் சொன்னவரும் அடுப்படியில் அதைப் பழகிய ஒரு பெண்தான். கிருமிகளை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸி. ஜெலட்டினில் வளர்த்தால் சூட்டில் உருகிப் போகிறது என்று கணவர் திண்டாடியபோது, 1881-இல், தன் ஜெல்லிகளில் போடுகிற அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த தெரிந்தவர்கள் மூலம் அவருக்கு அது பழக்கம். மனித உடம்புச் சூட்டில் அகர் உருகாது. இன்று உலகம் முழுக்க லேபுகளில் அதுதான். இதைப் படிப்பில் கேட்டபோது எனக்கு டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்ததைக் காது கொடுத்துக் கேட்டார்கள், எழுதி வைத்தார்கள்.

டீச்சர் ஓய்வு பெற்று அருப்புக்கோட்டைப் பக்கமே இருக்கிறார். போன தை மாதம் திருப்புல்லாணிக் கோயிலுக்கு வந்தவர் என்னைப் பார்க்க லேபுக்கு வந்தார். மூட்டு வலி, படியேற நேரம் ஆனது. பிளேட் ஊற்றுவதைக் காட்டச் சொன்னார், காட்டினேன். தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அகர் டப்பாவை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எத்தனை கிராம், என்ன விலை என்று படித்தார். "ஏ பிள்ளை, ஒரு பேப்பர் கொடு" என்றார். டெஸ்ட் எழுதிக் கொடுக்கிற சீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தேன்.

"உங்க அம்மாவுக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்குது இப்ப?"

அம்மா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், ஆனால் சித்தி மகள் போடுகிற பாசிக்கு நோட்டு எழுதுவது அம்மாதான். போன் போட்டேன். அம்மா நோட்டை எடுத்து வந்து, கழிவு போக என்ன விலை என்று படித்தார். டீச்சர் அதைக் கீழே எழுதினார், டப்பா விலையைக் கிலோவுக்கு மாற்றி மேலே எழுதினார். நடுவில் நிறைய இடம் விட்டார். கரையிலிருந்து வாங்குகிறவர், லாரிக்காரர், அகர் தொழிற்சாலை, பொடியாக்கி டப்பாவில் அடைக்கிறவர், மருந்து மொத்தக்கடை என்று கோடு போட்டார். "ஒரு கிலோ பாசிக்கு எத்தனை கிராம் அகர் வரும், ஒவ்வொரு கையிலயும் எவ்வளவு ஏறுது, இதை நிரப்பி எனக்கு அனுப்பணும், தெரியுதா" என்றார். "சரி டீச்சர்" என்றேன்.

மொத்தக்கடை விலை கிடைத்துவிட்டது. கரையில் வாங்குகிறவர் என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்பதை என் கூட்டாளி விசாரித்துச் சொல்லிவிட்டாள். தொழிற்சாலைக் கட்டம்தான் காலியாக இருக்கிறது. மதுரைப் பக்கம் அகர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள், பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், காய்ந்த மரிக்கொழுந்துப் பாசி ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் அகர் இறங்கும், வாசலில் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று தயவு செய்து சொல்லுங்கள். டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து கேட்கிறார்.